ஐஸ்லாந்துப் பெற்றார் கண்ட வழி

பிள்ளைகளைப் பெற்று வளர்ப்போருக்குள்ள கவலைகள் பல. அவற்றுள், கட்டிளமைப் பருவத்தை அடைந்த மகனோ மகளோ மதுவையும் போதைப்பொருளையும் நாடிவிடக் கூடுமே என்னும் கவலை மிகப் பெரியது. இது ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ மாத்திரம் உரியதன்று. இக்கவலை தோன்றும்போது பெற்றார் பெரும்பாலும் இரண்டு வழிகளையே நினைக்கின்றனர். அரசாங்கம் சட்டமியற்றி இப்பொருள்களை ஒழித்துவிடவேண்டும் என்பது ஒன்று. பிள்ளைக்குப் புத்திமதி கூறியும், தீமைகளை எடுத்துக்காட்டி அச்சுறுத்தியும் காத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இவ்விரு வழிகளும் எவ்வளவு தூரம் பயன் தந்தன, எவ்விடத்தில் பயன் தராது நின்றன என்பதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு ஒன்று உண்டு. அது வட அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள ஐஸ்லாந்து என்னும் தீவின் வரலாறு. ஒரு நூற்றாண்டுக் காலத்துள் அந்நாடு சட்டத்தையும் நம்பிப் பார்த்தது. புத்திமதியையும் நம்பிப் பார்த்தது. ஈற்றில் மூன்றாவதொரு வழியைக் கண்டது. அவ்வழி யாது என்பதை இப்பேச்சில் நோக்குவோம்.

ஐஸ்லாந்து பரப்பளவில் நமது இலங்கையைப்போல ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. மக்கட்டொகையிலோ மிகச் சிறியது. 1910 ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 85,000 பேர். இன்றும் அத்தொகை நான்கு இலட்சம் அளவிலேயே நிற்கின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் நோர்வேயிலிருந்து கடல் கடந்து சென்றோர் அங்கே குடியேறினர். 930 ஆம் ஆண்டில் அவர்கள் கூட்டிய ஆல்திங் என்னும் மன்றத்தின் பெயரையே இன்றும் அந்நாட்டுப் பாராளுமன்றம் தாங்கி நிற்கின்றது. பின்னர் நோர்வேக்கும் அதன்பின் டென்மார்க்குக்கும் அடங்கியிருந்த அத்தீவு, 1904 இல் உள்நாட்டு ஆட்சியையும், 1918 இல் இறைமையையும் பெற்று, 1944 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17 ஆந் திகதி குடியரசாயிற்று. மீன்பிடித்தலும் செம்மறியாடு வளர்த்தலும் அம்மக்களின் பழந்தொழில்கள். மார்கழி மாதத்தில் அங்கே சூரியன் நான்கு மணித்தியாலம் வரையிலேயே தோன்றும். ஆனி மாதத்திலோ இரவு இருளாவதே இல்லை. இச்செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக. பின்னர் இது வேண்டப்படும்.

குளிரும் இருளும் தனிமையும் நிறைந்த நாட்டில் மது பரவியது வியப்பன்று. மீன்பிடித் துறைகளில் உழைப்பாளியின் கூலி குடியிலே கரைந்தது. அவனுடைய குடும்பம் நலிந்தது. 1884 ஆம் ஆண்டில் நற்றெம்பிளார் என்னும் மதுவொழிப்புச் சங்கத்தின் முதற்கிளை வடபகுதி நகரமாகிய ஆக்குரேயிரியில் தோன்றியது. அச்சங்கம் நாடெங்கும் விரைந்து பரவிற்று. கூட்டங்கள் நடத்தியும், மண்டபங்கள் அமைத்தும், பிள்ளைகளுக்கெனத் தனிக் கிளைகள் நிறுவியும் அது மக்கள் மனத்தைத் திருப்பியது. 1908 ஆம் ஆண்டில் மதுவை முற்றாக விலக்குவதா என்று மக்களின் வாக்குக் கேட்கப்பட்டபோது, வாக்களித்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் விலக்குக என்றனர். அடுத்த ஆண்டில் ஆல்திங் சட்டத்தை நிறைவேற்றியது. 1912 இல் மதுவை இறக்குமதி செய்தல் தடுக்கப்பட்டது. 1915 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதியோடு விற்பனையும் நின்றது. ஐக்கிய அமெரிக்கா முழுநாட்டு மதுவிலக்கைத் தொடங்கியது 1920 இல். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே இச்சிறு தீவு அத்துறையில் இறங்கிவிட்டது.

சட்டம் இயற்றியவர்களின் நோக்கம் தூயது. ஆயினும் நாடு தனித்து வாழ இயலாது. ஐஸ்லாந்தின் உப்பிட்டுலர்த்திய கொட் மீனைப் பெருந்தொகையாக வாங்கிய நாடு ஸ்பெயின். தன் வைனை வாங்காத நாட்டின் மீனைத் தான் வாங்குவது எங்ஙனம் என்று ஸ்பெயின் கேட்டது. மீன் விலைபோகாவிடின் நாட்டின் பிழைப்பே இல்லை. ஆகவே 1922 இல் ஸ்பானிய வைனுக்கு மாத்திரம் வாயில் திறக்கப்பட்டது. மதுவிலக்கு நடைமுறையில் இருக்கும்போதே ஒருவகை மது அரசாங்கத்தின் கடையிலே விற்கப்பட்டது. 1933 இல் மறுபடியும் மக்களின் வாக்குக் கேட்கப்பட்டது. இம்முறை பெரும்பாலோர் விலக்கை நீக்குக என்றனர். 1935 ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து கடுமையான மதுவகைகளும் விற்பனைக்கு வந்தன.

இங்கே ஒரு விநோதம் நிகழ்ந்தது. கடுமையான மதுவை அனுமதித்த அதே நாடு, அதனினும் மிக மென்மையான பியரை விலக்கியே வைத்தது. நூற்றுக்கு 2.25 பங்குக்கு மேல் மதுசாரம் கொண்ட பியர் கூடாதென்பது சட்டம். இதற்குக் காட்டப்பட்ட நியாயங்களுள் முதன்மையானது இளைஞரைப் பற்றியது. பியர் விலை குறைந்தது, பருகுதற்கு எளிது, அது கடைக்கு வருமாயின் இளைஞரும் உழைப்பாளரும் முதலில் அதனைத் தொட்டு, பின்னர் கொடிய மதுவுக்குப் போய்விடுவர் என்று அஞ்சினர். பிள்ளைகளின் நலனைக் காட்டி நாட்டப்பட்ட இவ்வேலி அரை நூற்றாண்டுக்கு மேலாக நின்றது.

வேலி நின்றதே யொழிய, அதற்குள் பயிர் காக்கப்பட்டதா என்பதே கேள்வி. வெளிநாடு சென்று மீளும் மாலுமிகளும் விமான ஊழியரும் சிறிதளவு பியர் கொண்டுவர அனுமதி பெற்றிருந்தனர். ஏனைய பயணிகளுக்கு அவ்வனுமதி பின்னரே கிடைத்தது. 1980 க்குப் பின்னான ஆண்டுகளில் மதுச்சாலைகள் மென்பியரிற் கடுமையான மதுவைக் கலந்து பியர் போன்றதொன்றை விற்றன. அரசாங்கம் 1985 இல் அதனையுந் தடுத்தது. மறைவிடங்களில் வடிக்கப்பட்ட சாராயம், நம் நாட்டார் கசிப்பென்று கூறுவதை ஒத்தது, கட்டிளமைப் பருவத்தினரின் கைகளுக்கு எளிதில் எட்டியது. மதுவாங்குவோருக்கு 20 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஆனால் அண்ணனோ, அறிந்தவனோ, சில வேளைகளில் பெற்றாரே தாமோ வாங்கிக் கொடுத்தால் அச்சட்டம் என் செய்யும்? ஈற்றில், 1989 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி பியர் விலக்கும் நீங்கியது.

இனி, 1990 க்குப் பின்னான ஆண்டுகளில் ஐஸ்லாந்தின் இளைஞர் நிலையைக் காண்போம். தலைநகராகிய றெய்க்யாவிக்கின் நடுப்பகுதியில் வெள்ளி, சனி இரவுகளில் மாணாக்கர் கூட்டங் கூட்டமாக வெறியோடு திரிந்தனர். வயது முதிர்ந்தோர் அந்நேரத்தில் அப்பக்கம் செல்லத் தயங்கினர். ஆவணி மாதத் தொடக்கத்தில் வருகின்ற நீண்ட விடுமுறையில், திறந்த வெளிகளிற் கூடாரமடித்து நடக்கும் விழாக்களில் பிள்ளைகள் குடிப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. 1998 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 15, 16 வயது மாணாக்கருள் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்திய ஒரு மாதத்துள் ஒருமுறையேனும் வெறிகொள்ளக் குடித்திருந்தனர். நூற்றுக்கு 23 பேர் நாடோறும் சிகரட் புகைத்தனர். நூற்றுக்கு 17 பேர் கஞ்சாவை ஒருமுறையாயினும் உட்கொண்டிருந்தனர்.

பெற்றாரும் ஆசிரியரும் சும்மா இருந்தார்கள் என்று எண்ணற்க. பாடசாலைகளில் போதைப்பொருளின் தீமைகளைப் போதித்தனர். ஈரல் கெடும், மூளை கெடும், எதிர்காலம் கெடும் என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தனர். பிள்ளைகள் கேட்டனர், கேட்டபின்னும் குடித்தனர். இதற்குக் காரணம் அறியாமை அன்று. கட்டிளமைப் பருவத்தில் இன்பத்தையும் புதுமையையும் தேடும் மூளைப் பகுதிகள் முன்னரே விழித்துக்கொள்கின்றன. பின்விளைவை ஆராய்ந்து தம்மை அடக்கும் பகுதிகளோ இருபது வயதுக்குப் பின்னும் முதிர்ந்து கொண்டிருக்கின்றன. நாற்பது வயதில் வரும் நோயைக் காட்டிப் பதினைந்து வயதுப் பிள்ளையை மறிக்க முயல்வது, ஆற்றில் இறங்கிவிட்டவனுக்குக் கரையில் நின்று பஞ்சாங்கம் படிப்பதை ஒக்கும். தோழர் முன்னிலையில் நகைப்புக்கு இடமாகாது நிற்றலே அப்பிள்ளைக்கு அன்றைய இரவின் பெரிய காரியம்.

இந்நிலையில் ஆராய்ச்சியாளர் சிலர் வேறொரு கேள்வியைக் கேட்கத் தலைப்பட்டனர். 1991 இல் ஐஸ்லாந்துக்கு அழைக்கப்பட்ட ஹார்வி மில்க்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் அவர்களுள் ஒருவர். போதையை நாடுவோர் தம் மனநிலையை மாற்றிக்கொள்ளவே அதனை நாடுகின்றனர் என்பது அவர் கருத்து. ஆகவே, ஆடல், பாடல், விளையாட்டு முதலியவற்றால் அம்மாற்றத்தை இயற்கையாகப் பெறும் வழியைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுதல் வேண்டும் என்றார். ஐஸ்லாந்து ஆய்வாளர்களோ மற்றொரு பக்கத்தால் வந்தனர். கெட்டுப்போன பிள்ளைகள் ஏன் கெட்டனர் என்று மாத்திரம் கேளாது, கெடாத பிள்ளைகளைக் காத்தது எது என்று கேட்டனர். 1992 இல் நாட்டின் எல்லாப் பாடசாலைகளிலும் 14, 15, 16 வயது மாணாக்கரிடம் பெயர் எழுதப்படாத வினாக்கொத்து ஒன்று கொடுக்கப்பட்டது. குடித்ததுண்டா, எப்பொழுது குடித்தாய் என்னும் வினாக்களோடு, பெற்றாரோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறாய், அவர்களோடு உனக்குள்ள உறவு எத்தகையது, மாலை நேரங்களில் என்ன செய்கிறாய் என்னும் வினாக்களும் அதில் இருந்தன. 1995 இலும் 1997 இலும் அதே முறையில் மறுபடியும் கேட்டனர்.

விடைகளை ஒப்பிட்டபோது நான்கு செய்திகள் தெளிவாயின. வாரத்தில் மூன்று நான்கு முறை ஒழுங்கான பயிற்சியோடு கூடிய விளையாட்டிலோ கலையிலோ ஈடுபடும் பிள்ளை பெரிதுங் காக்கப்படுகின்றது. வாரநாள்களில் பெற்றாரோடு கூடுதலான நேரம் இருக்கும் பிள்ளை காக்கப்படுகின்றது. பாடசாலையில் தன்னைப் பொருட்படுத்துவோர் உளர் என்று உணரும் பிள்ளை காக்கப்படுகின்றது. பின்னிரவில் வீதியில் திரியாத பிள்ளை காக்கப்படுகின்றது.

இவற்றுள் இரண்டாவது செய்தி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. தொழில் மிகுந்த பெற்றார், பிள்ளைகளோடு இருக்கும் நேரம் சிறிதாயினும் அது சிறப்பாக அமைந்தாற் போதும் என்று தம்மைத் தேற்றிக்கொள்வது உண்டு. ஐஸ்லாந்து ஆய்வு அதற்குத் துணை நிற்கவில்லை. ஆண்டுக்கொருமுறை போகும் உல்லாசப் பயணத்தினும், நாடோறும் ஒரே கூரையின் கீழ் உண்பதும், பேசுவதும், பேசாமலே உடனிருப்பதும் பிள்ளையைக் காப்பதிற் பெரும்பங்கு கொண்டன.

இவ்வுண்மைகள் நூலகத்தில் உறங்கவில்லை. 1997 இல் அரசாங்கமும் றெய்க்யாவிக் நகரமும் சேர்ந்து, போதைப்பொருளற்ற ஐஸ்லாந்து என்னும் ஐந்தாண்டு முயற்சியைத் தொடங்கின. பராய வயது 16 இலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டு, 1998 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதனால் 16, 17 வயதினரும் பெற்றாரின் பொறுப்புக்கு உட்பட்ட பிள்ளைகளாயினர். புகையிலை விளம்பரமும் மதுவிளம்பரமும் தடுக்கப்பட்டன. 1999 இல் ஐஸ்லாந்துச் சமூக ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. வினாக்கொத்தின் பேறுகளைத் தலைநகரில் மாத்திரம் வைத்திராது, ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒவ்வொரு பாடசாலைக்கும் உரியனவாகப் பிரித்து, காலந்தாழ்த்தாது அனுப்பினர். இதன் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்டில் இளைஞர் கெட்டுவிட்டனர் என்ற செய்தியைக் கேட்கும் பெற்றார் பெருமூச்சு விடுவர். தம் பிள்ளை படிக்கும் பாடசாலையில் இத்தனை பேர் சென்ற மாதம் குடித்தனர் என்று கேட்பின் எழுந்து நிற்பர்.

எழுந்து நின்ற பெற்றார் செய்தது யாது? இவ்விடத்திலேதான் இவ்வரலாற்றின் சாரம் உள்ளது.

ஒரு வீட்டுப் பெற்றார் தனியே நின்று தம் பிள்ளையைக் காப்பது மிக அரிது. இதனை எந்தத் தாயும் அறிவாள். பத்து மணிக்குள் வீட்டுக்கு வா என்று தாய் கூறுகின்றாள். மற்றப் பிள்ளைகளையெல்லாம் விடுகிறார்கள், என்னை மாத்திரம் ஏன் மறிக்கிறீர்கள் என்று மகன் கேட்கின்றான். இக்கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. தன் மகன் தோழரால் ஒதுக்கப்படுவானோ என்று அவளும் அஞ்சுகின்றாள். அடுத்த வீட்டுத் தாயும் அதே அச்சத்தாலேயே தன் பிள்ளையை விடுகின்றாள் என்பது இவளுக்குத் தெரியாது. இவ்வாறு ஒருவரும் விரும்பாத ஒன்றை ஒருவரையொருவர் அஞ்சி எல்லாரும் அனுமதிக்கின்றனர்.

இம்முடிச்சை அவிழ்ப்பதற்கு ஐஸ்லாந்துப் பெற்றார் கண்ட உபாயம் மிக எளியது. ஒரே வகுப்பிற் பயிலும் பிள்ளைகளின் பெற்றார் ஒன்று கூடினர். 1992 இல் தோன்றிய வீடும் பாடசாலையும் என்னும் பெற்றார் நிறுவனம் இதற்கு ஊக்கமளித்து, உடன்படிக்கைப் பத்திரம் ஒன்றை வகுத்துக் கொடுத்தது. வயதுக்கேற்ற நேரக்கட்டுப்பாட்டை எங்கள் வீட்டிலும் கைக்கொள்வோம். வளர்ந்தோர் மேற்பார்வை இல்லாத விருந்துகளை எங்கள் வீட்டில் நடக்க விடோம். பராயமடையாதவர்க்கு மது வாங்கிக் கொடோம். மற்றவர் பிள்ளையின் நலனிலும் கண்ணாயிருப்போம். இத்தகைய வாசகங்களைக் கொண்டது அப்பத்திரம். அதில் எந்த வாசகத்துக்கு உடன்படுவது என்பதைப் பெற்றாரே கூடிப் பேசித் தீர்மானித்தனர். கையொப்பமிட எவரும் வற்புறுத்தப்படவில்லை.

இப்பத்திரத்துக்கு நீதிமன்றில் எவ்வித வலிமையும் இல்லை. அதனை மீறியவருக்குத் தண்டனையும் இல்லை. ஆயினும், மற்றப் பிள்ளைகளையெல்லாம் விடுகிறார்கள் என்னும் வாதம் அன்றோடு வலியிழந்தது. மற்றப் பெற்றாரும் விடமாட்டார்கள் என்பது தாய்க்குந் தெரியும், மகனுக்குந் தெரியும். தாயின் சொல் அவளுடைய பிடிவாதமாக இராது ஊரின் வழக்கமாயிற்று. பிள்ளை தோழரிடையே நாணவேண்டிய அவசியமும் நீங்கிற்று. தோழரும் அந்நேரத்தில் தத்தம் வீட்டிலேயே இருந்தனர்.

நேரக்கட்டுப்பாடு ஐஸ்லாந்தில் புதியதன்று. முன்னரும் அது விதிகளில் இருந்தது. ஆனால் பொருட்படுத்துவார் குறைவாயினர். 2002 ஆம் ஆண்டுப் பிள்ளைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 12 வயதும் அதற்குட்பட்டவர்களும் இரவு 8 மணிக்குப் பின்பும், 13 முதல் 16 வயதினர் 10 மணிக்குப் பின்பும் வளர்ந்தோர் துணையின்றி வெளியில் நிற்றல் ஆகாது. வைகாசி தொடங்கி ஆவணி முடிவு வரையுள்ள கோடைகாலத்தில் இவ்வெல்லை இரண்டு மணித்தியாலம் தளர்த்தப்படும். இரவே இருளாத காலமன்றோ அது! இந்நேரங்களை அச்சிட்ட சிறு காந்த அட்டைகள் வீடுதோறும் அனுப்பப்பட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டன. நாடோறும் பத்துமுறை பிள்ளையின் கண் அவ்வட்டையிற் பட்டது.

இவ்விதியை நிலைநாட்டப் பொலிசாரை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. வார இறுதி இரவுகளில் பெற்றாரே சிறு சிறு குழுக்களாகத் தம் அயலில் உலாவினர். அவர்கள் எவரையும் பிடிக்கவோ அடிக்கவோ செல்லவில்லை. நின்றவனிடம் நின்று பேசினர். இளைஞர் கூடும் மூலைகளில் தாமும் நின்றனர். தன் தோழனின் தாயார் அவ்வழியே நடந்துவருவார் என்று அறிந்த பிள்ளை, அவ்விடத்தில் போத்தலைத் திறப்பது எப்படி? பெற்றாருக்கும் இதனால் ஒரு நன்மை விளைந்தது. பனியில் ஒன்றாக நடந்த அயலவர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். நாளை ஒருவருடைய பிள்ளையைப் பற்றி மற்றவர் ஒரு வார்த்தை சொன்னால், அது கோள் என்று கருதப்படாது அக்கறையாக ஏற்கப்பட்டது.

ஆயினும் பிள்ளையை வீதியிலிருந்து எடுத்துவிட்டால் மாத்திரம் போதுமா? எடுத்தபின் எங்கே விடுவது? இக்கேள்விக்கும் அவர்கள் விடை கண்டனர். விளையாட்டுக் கழகங்கள், இசைப்பள்ளிகள், நடனக் கூடங்கள் ஆகியவற்றுக்குப் பொதுப்பணம் கூடுதலாக வழங்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டிலிருந்து, பனிக்காலத்திலும் உதைபந்தாடுவதற்கு ஏற்ற கூரையிட்ட பெரிய மண்டபங்கள் எழுந்தன. பயிற்சியளிக்கச் சம்பளம் பெறும், தகுதிவாய்ந்த பயிற்றுநர் அமர்த்தப்பட்டனர். கட்டணஞ் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளை வெளியில் நிற்றல் கூடாதென்று, 2007 முதல் றெய்க்யாவிக் நகரசபை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ஓய்வுநேர அட்டை என்னும் பணவுதவியை வழங்குகின்றது. 2016 ஆம் ஆண்டு ஐரோப்பிய உதைபந்தாட்டப் போட்டியில் இச்சிறு தீவின் குழு இங்கிலாந்தை 2 க்கு 1 என்ற கணக்கில் வென்றபோது உலகம் வியந்தது. அந்த வெற்றிக்குக் காரணங்கள் பல. பனிக்காலத்திலும் பூட்டப்படாத அம்மண்டபங்களும் அவற்றுள் ஒன்று.

இவற்றின் விளைவை எண்கள் கூறும். 1997 இல் வாரநாள்களில் பெரும்பாலும் பெற்றாரோடு நேரஞ் செலவிடுவதாகக் கூறிய 15, 16 வயதினர் நூற்றுக்கு 23 பேர். 2012 இல் அத்தொகை 46 ஆயிற்று. வாரத்தில் நான்கு முறையேனும் ஒழுங்கான விளையாட்டுப் பயிற்சிக்குச் செல்வோர் அக்காலத்துள் 24 இலிருந்து 42 ஆக உயர்ந்தனர். முந்திய மாதத்துள் வெறிகொள்ளக் குடித்தவர் 1998 இல் நூற்றுக்கு 42 பேர் என்றோமல்லவா? 2016 இல் அவர்கள் நூற்றுக்கு 5 பேர். நாடோறும் புகைப்போர் 23 இலிருந்து 3 ஆகக் குறைந்தனர். கஞ்சாவை ஒருமுறையாயினும் உட்கொண்டவர் 17 இலிருந்து 7 ஆகக் குறைந்தனர். ஐரோப்பாவிற் பெருங்குடியருள் வைத்தெண்ணப்பட்ட ஐஸ்லாந்து மாணாக்கர், மிகக் குறைவாகக் குடிப்போராக மாறினர். 2006 முதல் ஐரோப்பிய நகரங்கள் பலவும், பின்னர் சிலி முதலிய நாடுகளும் இம்முறையைக் கற்கத் தொடங்கின.

வரலாறு கூறுவோர் ஒருபக்கத்தை மாத்திரம் கூறுதல் முறையன்று. இதே காலத்தில் சுவீடன் போன்ற வேறு நாடுகளிலும் மாணாக்கரின் குடிப்பழக்கம் குறைந்ததுண்டு. ஆகவே குறைவு முழுவதையும் இம்முயற்சியின் கணக்கில் எழுதிவிட இயலாது. எனினும் ஐஸ்லாந்திற் போல அது விரைவாகவும் பெரிதாகவும் குறைந்த இடங்கள் சிலவே. நேரக்கட்டுப்பாடு இளைஞரின் சுதந்திரத்தைக் குறைப்பதென்று குறை கூறுவோரும் உளர். இன்னும், ஒரு வாயில் அடைபட்டால் மறுவாயிலைத் தேடும் இயல்புடையது இவ்வணிகம். மின்சிகரட்டும், உதட்டினுள் வைக்கும் நிக்கொட்டின் பொதிகளும் ஐஸ்லாந்து இளைஞரிடையிலும் புகுந்துள்ளன. காவல் ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமன்று. முன்னரே அடிமைப்பட்டுவிட்ட பிள்ளைக்கு இவ்வுடன்படிக்கை மருந்துமாகாது. அப்பிள்ளைக்கு வேண்டுவது வைத்தியமும் பொறுமையும். 1977 இல் மதுவுக்கு அடிமைப்பட்டோர்க்கான சிகிச்சைச் சங்கம் ஒன்று அந்நாட்டில் அமைந்து, குடியை ஒழுக்கக்கேடு என்று மாத்திரம் கருதாது நோயென நோக்கும் வழக்கத்தைப் பரப்பியது. தடுப்பும் சிகிச்சையும் வெவ்வேறு பணிகள், இரண்டும் வேண்டியவை.

இவ்வரலாற்றில் மறக்கலாகாத ஓர் உண்மை உண்டு. பிள்ளைகளைக் காப்பதற்கென்று பியரை விலக்கிவைத்த காலத்திலே பிள்ளைகள் குடித்தனர். விலக்கு நீங்கிய 1989 க்குப் பின் வளர்ந்தோர் அருந்தும் மதுவின் அளவு நாட்டில் அதிகரித்தது. அப்படியிருந்தும், பெற்றார் ஒன்றுபட்ட பின் பிள்ளைகளின் குடி குறைந்தது. சட்டம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. வயதெல்லையும், விளம்பரத் தடையும், உயர்ந்த வரியும் அங்கே பெருந்துணை செய்தன. ஆனால் சட்டம் கடைவாயில் வரை வரும். இரவு பத்து மணிக்கு வீட்டுவாயிலில் நின்று யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பது சட்டத்தால் ஆகாது.

நமது நாட்டிலும் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதவர்க்கு மதுவையும் புகையிலையையும் விற்றலைத் தடுக்கின்றது. ஐஸ்லாந்தின் வயதெல்லையினும் இது ஓராண்டு கூடியது. ஆகவே நம்மிடம் சட்டம் குறைவென்று கூற இயலாது. ஐஸ்லாந்தின் செல்வமும், சூடேற்றிய மண்டபங்களும் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் உடன்படிக்கைக்குப் பணம் வேண்டியதில்லை. பாடசாலைதோறும் பெற்றார் ஆசிரியர் சங்கம் இருக்கின்றது. ஊர்தோறும் சனசமூக நிலையமும், வாசிகசாலையும், விளையாட்டுக் கழகமும் நம் முன்னோர் நிறுவித் தந்தவையாய் இருக்கின்றன. கூரையில்லா மைதானத்தில் ஆண்டு முழுவதும் விளையாடத்தக்க வெயிலும் இருக்கின்றது.

பெற்றார் சங்கக் கூட்டத்தில் பரீட்சைப் பேறுகளைப் பற்றியும் கட்டட நிதியைப் பற்றியும் பேசுகின்றோம். அடுத்த கூட்டத்தில் இன்னொரு விடயத்தையும் எடுத்துப் பேசலாம். நம் பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து எத்தனை மணிக்கு வீடு வரவேண்டும்? எந்த வீட்டு விருந்துக்குப் போகலாம், அங்கே பெரியவர் யார் இருப்பார்? என் பிள்ளையை நீங்கள் ஓரிடத்திற் கண்டால் எனக்கு அறிவிப்பீர்களா? உங்கள் பிள்ளையைக் கண்டால் நான் அறிவிக்கலாமா? இந்நான்கு கேள்விகளுக்கும் ஒரு வகுப்பின் பெற்றார் ஒருமித்த விடை கண்டார்களாயின், அவ்வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது தாய்மாரும் நாற்பது தந்தையரும் வாய்த்தவராவர்.